சிவப்பு வாளிக் கொட்டைகள்

போன மாதம் கவிதா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கவிதா என்னிடம் நர்சரியில் வேலை பழகிய பெண். இப்போது கிள்ளானில் சொந்தமாக லேண்ட்ஸ்கேப் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறாள். புதிதாகக் கட்டிய கொண்டோ அடுக்குமாடி ஒன்றில், பிள்ளைகள் ஊஞ்சலாடும் இடத்தைச் சுற்றி சைக்காஸ் செடி நட்டிருக்கிறாள். பச்சைக் குடையை விரித்து வைத்த மாதிரி வரிசையாக நிற்கிறது. "அழகா இருக்காக்கா?" என்று கேட்டிருந்தாள்.

"ஆம்பளைச் செடியா, பொம்பளைச் செடியா?" என்று திருப்பிக் கேட்டேன்.

சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பினாள். நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டாள். அடிப்பாவி, நான் நடுங்கிப்போய்க் கேட்கிறேன், உனக்குச் சிரிப்பு வருகிறதா! உடனே போன் போட்டேன். "கொட்டை போடறது பொம்பளைச் செடி. ஆனா எது ஆண், எது பெண்ணுன்னு அது பருவத்துக்கு வர்ற வரைக்கும் ஒருத்தராலயும் சொல்ல முடியாது. அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். அந்த ஊஞ்சல்கிட்ட சிவப்பா, மிட்டாய் மாதிரி கொட்டை கொத்துக் கொத்தா நிக்கும்போது நீ அங்க இருப்பியா?" என்றேன்.

"ஒரு கொட்டைக்கு ஏன்க்கா இவ்ளோ பயம்? எழுதி அனுப்புங்க, நம்ம குரூப்ல எல்லாரும் படிக்கட்டும் லா" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெங்கில் என்ற ஊர் நர்சரியில் நான் சேர்ந்தது, சாலாக் செலாத்தானில் வேலை பார்த்த சட்டைத் தொழிற்சாலையை மூடிவிட்டதால்தான். செடி மேல் ஆசை வைத்துப் போகவில்லை. பாம்பு, அட்டை, இடி எல்லாவற்றுக்கும் பயந்தேன். முதல் இரண்டு வருஷம் பை நிரப்பினேன், களை பிடுங்கினேன், திட்டு வாங்கினேன். அதில் எழுத ஒன்றுமில்லை. அப்புறம்தான் என்னை சைக்காஸ் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே ஐயா இருந்தார்.

அவர் பெயர் நவரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிரிக்பீல்ட்ஸில் வீடு. அரசாங்க விவசாய இலாகாவில் இருந்து ஓய்வு பெற்று எங்கள் நர்சரிக்கு வந்தவர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. வேலைக்காரர்கள் எல்லாரையும் "நீங்கள்" என்பார், என்னை மட்டும் "பிள்ளை" என்பார். கொட்டகையில் இருந்து யார் வெளியே வந்தாலும் வாசலில் நின்று, "கை கழுவினீங்களோ?" என்று கேட்பார். கழுவினேன் என்று சொன்னால் போதாது. அவர் பார்க்க, சோப்பு போட்டு, நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவ வேண்டும். கொட்டகைக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். ரொம்பத்தான் பண்ணுகிறார் மனுஷன் என்று முணுமுணுப்பேன்.

முதல் தடவை ஓர் ஆண் செடி கூம்பு விட்டபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முழங்கை நீளத்துக்கு மஞ்சளாக, செடியின் நடு உச்சியில் நிமிர்ந்து நின்றது. அழுகிய அன்னாசிப்பழ வாடை. "தொட்டுப் பாருங்கோ" என்றார். கையைக் கிட்டே கொண்டுபோனேன், சூடு அடித்தது! காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். செடி சுடுமா? எந்தச் செடியாவது சுட்டதாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

"பயப்பிடாதேங்கோ. வாசத்தைப் பரப்பி வண்டைக் கூப்பிடத்தான் இந்தச் சூடு" என்றார். "பூ எண்ட ஒண்டு உலகத்தில வர முதலே இது இருந்தது பிள்ளை. இதைத் தின்ன வந்த டைனோசர் எல்லாம் போயிட்டுது. இது நிக்குது. ஏன் எண்டு யோசியுங்கோ."

நான் யோசிக்கவில்லை. அவரே சொன்னார். இலையிலும் தண்டிலும் விஷம், எல்லாவற்றையும் விடக் கொட்டையில் விஷம். தன்னைத் தின்ன வருகிறவர்களுக்கு அது கொடுக்கிற பதில் அதுதான்.

நம் ஊரில் அந்த வண்டு கிடையாது. அதனால் வண்டின் வேலையை நாங்கள் செய்ய வேண்டும். ஆண் கூம்பு பழுத்ததும் அடியில் செய்தித்தாளை விரித்து மெல்லத் தட்டுவோம். மஞ்சள் பொடி கொட்டும். சலித்து, நிழலில் உலர்த்தி, சின்னச் சீசாவில் போட்டு ஐஸ்பெட்டியில் வைப்போம். பெண் செடிக்குக் கூம்பு கிடையாது, முட்டைக்கோஸ் மாதிரி ஒரு பழுப்புத் தலைதான், மேலே கம்பளி போர்த்தினாற்போல் இருக்கும். அது தானாக லேசாக விரியும் நாள் ஒன்று உண்டு. உள்ளே இதழ் ஓரத்தில் பிஞ்சுக் கொட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் கண்ணீர் மாதிரி ஒரு சொட்டு நிற்கும். அந்தச் சொட்டு நிற்கும்போது ஊதினால்தான் பிடிக்கும். காது சுத்தம் பண்ணுகிற ரப்பர் குமிழை மருந்துக்கடையில் வாங்கி, அதில் பொடியை அடைத்து, ஐயா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊதுவார். அப்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. நாளைத் தவற விட்டால் அந்த வருஷத்து உழைப்பு போச்சு. அந்தச் செடி காய்க்காமல் இருக்காது. காய்க்கும், ஆனால் கரு இருக்காது. விஷம் மட்டும் குறையாது.

கொட்டை பழுத்துச் சிவந்ததும் பறித்து ஊறப் போடுவோம். ஒரு வாரம், தினமும் காலையில் தண்ணீர் மாற்ற வேண்டும். மேல்தோல் அழுகி மெத்தென்று ஆனதும் கையுறை போட்டு, பிரஷால் தேய்த்து எடுப்போம். அப்புறம் தொட்டியில் கொட்டுவோம். மூழ்குவது நல்லது. அதை உலர்த்தி மாதக்கணக்கில் வைத்திருந்து, உள்ளே கரு முற்றிய பிறகு நடுவோம். மிதப்பது சினை பிடிக்காதது. அது சிவப்பு வாளிக்குப் போகும். சிவப்பு வாளியில் இருப்பதை ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்பது ஐயாவின் கட்டளை.

ஆழக் குழி ஏன் என்றால், எங்கள் நர்சரி நாய் கருப்பனால்தான். ஒரு தடவை மழையில் குழி கரைந்து கொட்டைகள் வெளியே வந்துவிட்டன. கருப்பன் எதையோ கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தோம், எலும்பு என்று நினைத்தோம். அன்றைக்கே வாந்தி. அப்புறம் கண் மஞ்சளாகிவிட்டது. கூப்பிட்டால் வாலை ஆட்டும், எழுந்திருக்க முடியவில்லை. அது செத்த அன்றைக்கு நான் கை கழுவியதை ஐயா பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் சோறு பிசையும்போதுகூட விரலை முகர்ந்து பார்ப்பேன். என் வீட்டுக்காரர், "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்பார்.

கருப்பன் செத்ததற்கு ரொம்பப் பிறகு வந்தவன் சேகர்.

கூடலூர்ப் பக்கம், நீலகிரி மலையில் அவன் ஊர். ஏஜென்ட் மூலமாக வேலைப் பெர்மிட்டில் வந்தவன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். வந்த முதல் நாளே சைக்காஸைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "அக்கா, இது எங்க ஊரு ஈந்து! காட்டுல நிறைய நிக்கும். ஈந்தங்காய்ல எங்கம்மா புட்டு அவிக்கும்" என்று குதித்தான். இந்தத் தேசத்தில் அவனுக்குத் தெரிந்த முகம் அதுதான் போல. ஐயா அவனைக் கூப்பிட்டு, "இது விஷம். உங்கட ஊரிலயும் விஷம்தான். தெரியுமோ?" என்றார். "தெரியும் சார், ஆத்துல ஊறப் போட்டு விஷத்த எடுத்துருவாங்க சார்" என்றான். ஐயா தலையை ஆட்டிக்கொண்டார். இவனுக்குத் தெரியும் என்று நாங்கள் எல்லாரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். தெரியாதவனாக இருந்திருந்தால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான்.

காலையில் தண்ணீர் மாற்றும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். நல்ல வேலைக்காரன். சொல்லாமலே தொட்டியைத் தேய்த்து வைப்பான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நர்சரிக்கு லீவு. ஒரு பெண் செடி விரிகிற நாள் என்பதால் நான் மட்டும் காலையில் போயிருந்தேன். ஐயா கோயிலுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். சேகர், வேலைக்காரர்கள் தங்குகிற கொங்சி வீட்டில் இருந்து ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். சூடாகப் புட்டு, தேங்காய்ப்பூ, சீனி. "சாப்புடுங்கக்கா, எங்க ஊரு புட்டு" என்றான். முகமெல்லாம் பல். நான் கொட்டகைக்கு வெளியேதான் நின்றேன், கையும் கழுவியிருந்தேன். எல்லா விதியும் சரியாகத்தான் இருந்தது. அரிசிப் புட்டு என்று நினைத்து ஒரு வாய் எடுத்துப் போட்டேன். நன்றாக இருந்தது என்று சொல்லவே இப்போதும் நாக்கு கூசுகிறது. நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் தோசை சாப்பிட்டு வந்ததால் போதும் என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

உச்சி வெயில் ஏறும்போது கொங்சிக்குப் பின்னால் இருந்து ஓங்கரிக்கிற சத்தம். போய்ப் பார்த்தால் சேகர் குழாயடியில் மண்டியிட்டுக் கிடக்கிறான். வாந்தி எடுத்து எடுத்து இனி வருவதற்கு ஒன்றுமில்லாமல் வயிறு மட்டும் குலுங்குகிறது. முகம் சாம்பல். "தல சுத்துதுக்கா, ஒண்ணுமில்ல" என்கிறான். தண்ணீர் எடுக்க அவன் சமையல் இடத்துக்குள் ஓடினேன். அடுப்புக்குப் பக்கத்தில் சிவப்பு வாளி இருந்தது. அதில் நிறைய உடைந்த கொட்டை ஓடுகள்.

எனக்கு முதலில் வந்தது அவனைப் பற்றிய பயம் இல்லை, கருப்பனின் மஞ்சள் கண்தான். விரலைத் தொண்டைக்குள் விட்டேன். தோசை வந்தது, வேறு என்ன வந்தது என்று பார்க்கத் தைரியமில்லை.

"என்னடா பண்ணித் தொலைச்ச!"

"ஒரு வாரம் ஊறுச்சேக்கா... நாந்தானேக்கா டெய்லி தண்ணி மாத்துனேன்... குழியில கொட்டுறது பாவமேன்னு... காயவெச்சு அரைச்சேன்..."

ஐயாவுக்கு போன் அடித்து, நானும் ஒரு வாய் தின்றதைச் சேர்த்து எல்லாம் சொன்னேன். அர்ச்சனை மணிச் சத்தத்துக்கு நடுவே, "கார் எடுத்து வாறன். அவரை மல்லாந்து படுக்க விடாதேங்கோ, ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்கோ. அந்த வாளியைத் தொடாம வையுங்கோ" என்றார். அப்புறம் முதலாளிக்கு அடித்தேன். அவர் குரலிலும் பயம்தான், ஆனால் வேறு பயம். "ஆஸ்பத்திரிக்குப் போனா பாஸ்போர்ட் கேப்பான். அவன் பெர்மிட் ரினியூ ஆகல, பாஸ்போர்ட் புக்கு ஏஜென்ட்கிட்ட இருக்கு. பக்கத்துக் கிளினிக்ல ஊசி போட்டா சரியாயிடும் லா" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சேகர் கேட்டுவிட்டான். அவ்வளவுதான், எழுந்து நடக்கவே முடியாதவன் தவழ்ந்து போய்க் கொங்சித் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "அக்கா, கையெடுத்துக் கும்புடுறேன், ஆஸ்பத்திரி வேணாம். போலீஸ் புடிச்சுருவான். உள்ள வெச்சுருவாங்க. என் புள்ளைங்களுக்கு யாரு இருக்கா?" செத்துப்போவதற்கு அவன் பயப்படவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. "செத்தா மட்டும் உன் புள்ளைங்களுக்கு யாருடா இருக்கா?" என்று கத்தினேன். அவன் விரலைத் தூணில் இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன், பிரித்த விரல் திரும்ப ஒட்டிக்கொண்டது. எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. விஷமா, பயமா என்று தெரியவில்லை.

ஐயா வேட்டியோடு, நெற்றியில் திருநீறோடு வந்து இறங்கினார். வாளியைப் பார்த்தார், கையுறை போட்டு, உடைந்த ஓடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு சேகருக்கு முன்னால் அந்தச் சேற்றில் வேட்டியோடு குந்தினார்.

"தம்பி, நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போறன். கேட்டால் என்ர பேரைச் சொல்லுவன். உங்களைப் பிடிக்கிறதெண்டால் என்னையும் சேர்த்துத்தான் பிடிக்க வேணும். வாங்கோ."

சேகர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தூணை விட்டான்.

காரில் பின்சீட்டில் அவன் மடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பக்கத்தில் நான். ஐயா ஓட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார், "அம்மா எப்பிடிச் செய்வா எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ." அவனைத் தூங்க விடாமல் வைத்திருக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"ஆத்துல கூடைய வெப்பாங்க சார். நாந்தான் தூக்கிட்டுப் போவேன். ஒரு வாரம் கெடக்கும், தண்ணி ஓடிட்டே இருக்கும்..."

"அதுக்கு முன்னம்?"

"அதுக்கு முன்ன... பொம்பளைங்க உக்காந்து... ஓட்ட ஒடச்சு..." அவன் குரல் நின்றது. "அரிவாமனையில வில்ல வில்லையா சீவி... வெயில்ல போட்டு..."

கூடையை ஆற்றுக்குத் தூக்கியவன் அவன். சீவியது அம்மா. அடுப்படிக்கு ஆண்பிள்ளை எதற்கு என்று விரட்டியிருப்பார்கள். எங்கள் தொட்டியில் கொட்டை முழுசாகத்தான் ஊறியது, மேல்தோலை உரிப்பதற்காக. கல் மாதிரி ஓட்டுக்குள் இருக்கிற பருப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பட்டிருக்காது. அவன் ஒரு வாரமாக விசுவாசமாக மாற்றிய தண்ணீர் வெறும் ஓட்டைத்தான் கழுவியது.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் உட்காரும் சின்னப் பொண்டோக் குடில் இருந்தது. சேகர் என் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். கவுண்டரில் பாஸ்போர்ட் கேட்டார்கள். ஐயா தன் அடையாள அட்டையை எடுத்து வைத்து, மலாயில் பொறுமையாக, "முதலில் ஆளைப் பாருங்கள், பொறுப்பு என்னுடையது" என்றார். அந்த மலாய்ப் பெண் அவர் வேட்டிச் சேற்றையும் சேகர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சக்கர நாற்காலியைக் கூப்பிட்டாள். ஒரு பையில் கட்டிய ஓடுகளை டாக்டரிடம் கொடுத்து, எவ்வளவு தின்றான், எப்படிச் சமைத்தான் என்று ஐயா ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில், "இந்தப் பிள்ளையும் ஒரு வாய் சாப்பிட்டவா" என்று என்னைக் காட்டினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சேகருக்கு டிரிப்ஸ் ஏற்றி வைத்திருந்தார்கள். ஈரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்றார்கள். தினமும் போய் முதலில் அவன் இமையை இழுத்துக் கண்ணைப் பார்ப்பேன். மஞ்சளாகவில்லை. பிழைத்துக்கொண்டான். சேகரின் பாஸ்போர்ட் பெர்மிட்டோடு தன் மேசைக்கு வரும்வரை கொட்டகைக்குள் கால் வைக்க மாட்டேன் என்று ஐயா முதலாளியிடம் சொன்னார், அதே தாழ்ந்த குரலில். வந்தது. விரிந்து நின்ற பெண் செடியை அன்றைக்கு யாரும் நினைக்கவே இல்லை. அந்த வருஷம் அதன் கொட்டை முழுக்க மிதந்தது.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஒரு நாள் குழாயடியில் கை கழுவும்போது ஐயாவைக் கேட்டேன். "இனிமே ஒண்ணும் வராதுல்ல ஐயா?"

அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எங்கோ பசிபிக் கடலில் ஒரு தீவு, அங்கே இந்த மாவைக் காலம் காலமாகத் தின்றவர்கள் சிலருக்கு, ரொம்ப வருஷம் கழித்துக் கை நடுங்க ஆரம்பித்து, அப்புறம் உடம்பே கேட்காமல் போயிற்று என்றார். மாவினால்தானா, வேறு காரணமா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்களாம். "ஆயுசு முழுக்கத் தின்ற ஆக்கள் அவை. ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஒண்டும் வராது பிள்ளை" என்றார். சொல்லிவிட்டு, கழுவிய கையையே திரும்பவும் கழுவினார்.

சேகர் ஊருக்குப் போய்விட்டான். ஒவ்வொரு தீபாவளிக்கும் வீடியோவில் கூப்பிடுவான். நான் கேட்கிற முதல் கேள்வி, "கை நடுங்குதாடா?" அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டிக் காட்டுவான். கல் மாதிரி நிற்கும். அப்புறம்தான் எனக்குப் பலகாரம் இறங்கும். ஐயா காலமாகிவிட்டார். நானும் வேலையை விட்டு, மகளோடு கிள்ளானில் இருக்கிறேன்.

இந்தத் தீபாவளிக்கும் கூப்பிட்டான். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டேன். சிரித்தபடி கையை நீட்டினான். கை ஆடியது. லேசாக, நிற்காமல் ஆடியது. எனக்கு உயிரே போய்விட்டது. "என்னடா இது, எப்ப இருந்துடா?" என்றேன்.

"எதுக்கா? நல்லாத்தானே இருக்கு" என்றான்.

பார்த்தால் அவன் கை மட்டும் இல்லை, முகமும் ஆடியது, பின்னால் சுவரில் மாட்டியிருந்த சாமி படமும் ஆடியது. போனைச் சாப்பாட்டு மேசையில் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தேன். படம் நின்றது. சேகரின் கை கல் மாதிரி நின்றது.

"என்னக்கா, பேச மாட்டேங்கிறீங்க?" என்றான். ஒன்றுமில்லை, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். என் வலது கையை மேசைக்கடியில் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

கவிதா, அந்த ஊஞ்சலைச் சுற்றி வேறு ஏதாவது நடு.